கரூரில் முதலாளி, சிங்கப்பூரில் கம்பெனி: கணக்கை எங்கிருந்து சரிசெய்வது?

கரூரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய ஆறு பக்கக் கடிதத்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கியிருக்கிறேன். தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

அவருக்கு 41 வயது. தந்தை காலத்திலிருந்து பெட்ஷீட், மேசை விரிப்பு, கிச்சன் டவல் ஆகியவற்றை நெய்து ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தைத் தன் சொந்தப் பெயரில் நடத்திவருகிறார். 2022 செப்டம்பரில் சிங்கப்பூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பதிவுசெய்தார். பங்குகள் முழுவதும் அவருடையவை. அவரும் ஓர் இயக்குநர். உள்ளூர் இயக்குநர் ஒருவரைச் செயலர் சேவை நிறுவனம் ஒன்று ஆண்டுக் கட்டணத்துக்கு அமர்த்திக் கொடுத்தது. மூலதனமான 10,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கும் மச்சான் கட்டினார். அதற்கு ஈடான ரூபாயை இவர் கரூரில் மாமியாரிடம் கொடுத்துவிட்டார். கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது.

முதல் ஆண்டில் வியாபாரம் இல்லை. அந்த ஆண்டுக்கான தாக்கல்களைச் சேவை நிறுவனமே முடித்துவிட்டது. 2023-24இல் சுமார் 38,000 வெள்ளி லாபம். 2024-25இல் விற்பனை 6,40,000 வெள்ளி, லாபம் 90,000 வெள்ளி. விற்பனையில் முக்கால் பங்கு ஆஸ்திரேலியாவுக்கு; சரக்கு தூத்துக்குடியிலிருந்து நேரே சிட்னிக்குச் செல்கிறது. அந்த ஆஸ்திரேலிய வாடிக்கையாளர் முன்பு கரூர் நிறுவனத்திடமே நேரடியாக வாங்கிக்கொண்டிருந்தவர். மீதி, சிங்கப்பூர் ஹோட்டல்களுக்கு. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பெண் ஒருவர் 2024 ஏப்ரல் முதல் மாதம் 1,200 வெள்ளிக்குப் பகுதிநேரமாகப் பணிபுரிகிறார். அவருக்குத் தரும் பணம் கணக்கில் ‘கமிஷன்’ என்று எழுதப்படுகிறது. கம்பெனியின் டெபிட் கார்டில் 2024-25இல் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு என்று 14,000 வெள்ளி செலவாகியிருக்கிறது.

கட்டணத் தகராறில் சேவை நிறுவனம் வேலையை நிறுத்திவிட்டதால் இரண்டு ஆண்டுகளாக எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை. கடந்த ஜனவரியில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, நிறுவனப் பதிவு ஆணையமான அக்ராவிலிருந்து. ஆண்டறிக்கை தாக்கலாகவில்லை என்கிறது. மற்றொன்று, வருவாய் ஆணையமான ஐராஸிலிருந்து. கணக்கு வராததால் தானாகவே மதிப்பிட்டு 8,500 வெள்ளி வரி கேட்கிறது. உள்ளூர் இயக்குநரோ விலகப்போவதாக எச்சரிக்கிறார்.

வாசகரின் எண்ணங்கள் இவை: உள்ளூர் இயக்குநர் இருப்பதால் சட்டப்பொறுப்பு அவருடையது, இந்தியாவிலிருந்து பணமே போகாததால் ரிசர்வ் வங்கிக்கு இதில் இடமில்லை, சிங்கப்பூரில் வரி கட்டினால் இந்தியாவில் சொல்ல வேண்டியதில்லை, கவனிக்காமல் விட்டால் கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து அவர்களே நீக்கிவிடுவார்கள். முடிவில், பழைய தேதியிட்டுப் பங்குகளை மச்சான் பெயருக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன் ஐராஸ் அறிவிப்பின் மேல் உள்ள தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் அந்த 8,500 வெள்ளியைக் கட்டியாக வேண்டும். நீங்கள் அந்தத் தொகையை ஏற்கவில்லை என்றாலும் கட்ட வேண்டும். ஆட்சேபம் தெரிவித்திருப்பது பணம் கட்டும் கடமையை நிறுத்திவைக்காது. கட்டாவிட்டால் முதலில் 5 சதவீதமும், பிறகு மாதத்துக்கு 1 சதவீதமாக மேலும் 12 சதவீதம் வரையும் அபராதம் ஏறும். ஆட்சேபம் தெரிவிக்கக் கம்பெனிகளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அதற்குள் 2023-24 கணக்கை முடித்து, சி-எஸ் எனும் கம்பெனி வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்து, உண்மையான வரியைக் காட்டினால் கூடுதலாகக் கட்டியது திரும்பிவரும். 38,000 வெள்ளி லாபம் சரியென்றால் அந்த ஆண்டின் வரி என் கணக்கில் 2,805 வெள்ளிதான் வருகிறது. உங்கள் விஷயத்தில் மதிப்பீடு மிகையாக வந்தது ஒருவகையில் நல்லது. குறைவாக வந்திருந்தால் அதையே கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். உண்மை வருமானம் அதிகம் என்று தெரிந்தும் பேசாதிருப்பது அங்கே தனிக் குற்றம்.

அடுத்தது, 2024-25க்கான உத்தேச வருமான அறிக்கை. கணக்காண்டு முடிந்து மூன்று மாதங்களுக்குள், அதாவது 2025 ஜூன் 30க்குள், அதைக் கொடுத்திருக்க வேண்டும். இதற்கும் ஐராஸ் தானாக ஒரு தொகையை எழுதி அனுப்பும் முன் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். அதே ஆண்டுக்கான சி-எஸ் படிவத்துக்கு 2026 நவம்பர் 30 வரை அவகாசம் இருக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இந்திய வழக்கப்படி மார்ச் 31ஐக் கணக்காண்டு முடிவாக வைத்தீர்கள், அதில் தவறில்லை. ஆனால் 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டை நாம் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு என்கிறோம், சிங்கப்பூரோ 2025 மதிப்பீட்டு ஆண்டு என்கிறது. அதனால்தான் ‘2025க்கான வரி’ என்ற அறிவிப்பைப் பார்த்து, அது 2024-25 விற்பனைக்கானது என்று எண்ணிவிட்டீர்கள். இதனுடன், அக்ராவுக்கு ஆண்டறிக்கை தர அக்டோபர் 31, ரிசர்வ் வங்கிக்கான ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கைக்கு டிசம்பர் 31, இந்திய வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் அட்டவணைக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரையான நாள்காட்டி ஆண்டு என்று ஒரே கம்பெனி பல காலண்டர்களில் ஓடுகிறது. இவற்றை ஒரே தாளில் எழுதி, வரவு செலவு எழுதும் மேசைக்கு எதிரில் ஒட்டிவையுங்கள். நான் பார்த்த தவறுகளில் பாதி, ஏமாற்றும் எண்ணத்தால் வந்தவை அல்ல. காலண்டர் மாறிப்போனதால் வந்தவை.

உள்ளூர் இயக்குநர் எதற்கு?

சிங்கப்பூர்க் கம்பெனிச் சட்டத்தின் 145ஆவது பிரிவு, அங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தேவையை நிறைவேற்றவே அவர் அமர்த்தப்பட்டிருக்கிறார். அவருக்குப் பொறுப்பு உண்டு, ஆனால் அதனால் உங்கள் பொறுப்பு குறைந்துவிடாது. ஆண்டறிக்கை தாக்கலாகாவிட்டால் ஒவ்வோர் இயக்குநரும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டியவர். பொதுவாக எடுத்த எடுப்பில் நீதிமன்றத்துக்குப் போக மாட்டார்கள்; தாமதக் கட்டணம், சமரசத் தொகை என்று முதலில் வாய்ப்புத் தருவார்கள். ஆண்டறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் தாமதமானால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 600 வெள்ளி. உங்களுக்கு இரண்டு ஆண்டு. அந்தக் கடிதங்களையும் அலட்சியம் செய்து, பிறகு வரும் நீதிமன்ற அழைப்பாணைக்கும் போகாமல் இருந்தால் பிடியாணை பிறப்பிக்கப்படலாம். மச்சான் வீட்டு விசேஷத்துக்குச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் நாளில் அது தெரியவருவதைவிட இப்போது 1,200 வெள்ளி கட்டுவது எளிது.

விலகுவேன் என்ற எச்சரிக்கையைக் கண்டு பதற வேண்டாம். உள்ளூரில் வசிக்கும் வேறொரு இயக்குநர் இல்லாத நிலையில், இருப்பவர் விலகக் கூடாது என்று அதே 145ஆவது பிரிவு சொல்கிறது. ஆயினும் அவர் கோபம் நியாயமானது. உங்கள் தாமதத்தால் அவருடைய பெயரும் பதிவேட்டில் கறைபடுகிறது. தவிர, 2025 ஜூன் 9 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி, இப்படி இயக்குநர்களை அமர்த்தித் தருவதைத் தொழிலாகச் செய்வோர் பதிவுபெற்ற சேவை நிறுவனமாக இருக்க வேண்டும். அமர்த்தப்படுபவர் தகுதியானவர்தானா என்று அந்நிறுவனம் ஆராய்ந்திருக்கவும் வேண்டும். ஆகவே மலிவான கட்டணத்துக்கு இன்னொரு பெயரைத் தேடி அலையாதீர்கள். பழைய நிறுவனத்தின் கட்டண பாக்கியைப் பேசித் தீர்த்து, கணக்குப் புத்தகங்களையும் பதிவேடுகளையும் முதலில் கையில் வாங்குங்கள். அவை இல்லாமல் புதிதாக யாரை அமர்த்தினாலும் அவர் வெறுங்கையோடுதான் உட்கார்ந்திருப்பார்.

மச்சானையே இயக்குநராக்கலாம் என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் சட்டப்படி தடையில்லை. ஆனால் நான் இதுவரை சொன்ன பொறுப்புகள் அனைத்தும் அவர் தலையிலும் விழும் என்பதை அவரிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். தங்கையின் கணவர் கேட்கிறார் என்பதற்காக அவர் மறுக்க முடியாமல் தலையாட்டக் கூடும், அதனால்தான் சொல்கிறேன்.

வரிச் சலுகை கிடைக்குமா?

புதிய கம்பெனிகளுக்கு முதல் மூன்று ஆண்டுகள், முதல் ஒரு லட்சம் வெள்ளி வருமானத்தில் 75 சதவீதத்துக்கு வரிவிலக்கு என்று உங்களிடம் சொல்லப்பட்டது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகைக்குக் கம்பெனி சிங்கப்பூரின் வரிக் குடியிருப்பாளராக இருக்க வேண்டும். அங்கே பதிவுசெய்ததால் மட்டும் அந்தத் தகுதி வந்துவிடாது. கம்பெனியின் முக்கிய முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்பதை வைத்து அது தீர்மானிக்கப்படுகிறது. உங்கள் கடிதத்தின்படி ஆர்டரை ஏற்பதும், விலை பேசுவதும், பணம் அனுப்பச் சொல்வதும் கரூரில். உள்ளூர் இயக்குநர் கையெழுத்துக்கு மட்டும். இந்த நிலையில் குடியிருப்பாளர் என்று எழுதிக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வித்தியாசத்தைப் பாருங்கள். 2024-25இன் 90,000 வெள்ளி லாபத்துக்குப் புதிய கம்பெனிச் சலுகை கிடைத்தால், 22,500 வெள்ளிக்கு 17 சதவீதம் என்று 3,825 வெள்ளி வரி. கிடைக்காவிட்டால் எல்லாக் கம்பெனிகளுக்கும் உரிய பகுதி விலக்கு மட்டும் பொருந்தும். முதல் 10,000இல் 75 சதவீதமும் அடுத்து வருவதில் பாதியும் போக 42,500 வெள்ளிக்கு வரி, அதாவது 7,225 வெள்ளி. ஆண்டுதோறும் அரசு அறிவிக்கும் தள்ளுபடியை நான் சேர்க்கவில்லை. வித்தியாசம் 3,400 வெள்ளி. அதற்காகத் தவறான வாக்குமூலம் கொடுக்க வேண்டாம்.

பொருள் சேவை வரிக்குப் பதிவுசெய்யத் தேவையில்லை என்று நீங்கள் முடிவெடுத்தது சரியே. வரம்பு பத்து லட்சம் வெள்ளி. தூத்துக்குடியிலிருந்து சிங்கப்பூரைத் தொடாமலேயே சிட்னிக்குப் போகும் சரக்கின் விற்பனை அந்த வரம்புக்கான கணக்கில் சேராது. ஹோட்டல்களுக்கு இறக்குமதி செய்யும்போது கட்டிய 9 சதவீதத்தைத் திரும்பப் பெற முடியாது. அது சரக்கின் அடக்க விலையில் போகட்டும்.

பகுதிநேர ஊழியர்

உங்கள் கடிதத்தில் இரண்டே வரிகளில் கடந்து சென்ற விஷயம் இது. என் பார்வையில் அவசரத்தில் ஐராஸுக்கு அடுத்தது இதுவே. அவர் குறிப்பிட்ட நேரத்தில் வருகிறார், உங்கள் சரக்கைக் கையாளுகிறார், நீங்கள் சொல்லும் வேலையைச் செய்கிறார், மாதாமாதம் ஒரே தொகை பெறுகிறார். ‘கமிஷன்’ என்று எழுதுவதால் அவர் ஊழியர் இல்லை என்றாகிவிடாது. சிங்கப்பூர்க் குடிமகளான அவருக்கு மத்திய சேம நிதி கட்டாயம். 55 வயதுக்கு உட்பட்டவராயின், முதலாளியின் பங்கு 17 சதவீதம், ஊழியரின் பங்கு 20 சதவீதம். மாதம் 1,200 வெள்ளிக்கு இது 444 வெள்ளி. அந்தந்த மாதச் சம்பளத்தில் பிடிக்கத் தவறிய ஊழியர் பங்கைப் பிறகு அவரிடம் வசூலிக்கப் பொதுவாக இடமில்லை. ஆகவே நிலுவை முழுவதையும், மாதம் 1.5 சதவீத வட்டியோடு, கம்பெனிதான் ஏற்க வேண்டியிருக்கும். சேம நிதி வாரியத்தை நீங்களே அணுகுங்கள். அந்தப் பெண் எங்கேனும் வீடு வாங்க விண்ணப்பித்து, சேம நிதிக் கணக்கில் ஏன் எதுவும் ஏறவில்லை என்று யாரேனும் கேட்டால், புகார் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

கார்டில் செலவான 14,000 வெள்ளி கம்பெனியின் செலவு அல்ல. லாபத்தைக் கணக்கிடும்போது அதைக் கழிக்கக் கூடாது. நீங்கள் தந்த 90,000 அதைக் கழித்த பிறகு வந்த எண் என்றால் என் மேற்கண்ட கணக்கும் மாறும். அது உங்களுக்குப் போய்ச் சேர்ந்த பணம். சிங்கப்பூர் ஈவுத்தொகைக்கு வரி விதிப்பதில்லை, பிடித்தமும் இல்லை. ஆனால் இந்தியாவில் வசிக்கும் உங்கள் கையில் அது உங்கள் வரி அடுக்குப்படி வரிக்குரியது. இயக்குநர் ஊதியம் என்று எழுதிவிடலாம் என எண்ணினால், வெளிநாட்டில் வசிக்கும் இயக்குநருக்கான ஊதியத்தில் கம்பெனி 24 சதவீதத்தைப் பிடித்து ஐராஸுக்குக் கட்டியிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தியப் பக்கம்

உங்கள் எண்ணங்களில் மிகவும் ஆபத்தானது, ‘இந்தியாவிலிருந்து பணமே போகவில்லை’ என்பது. மச்சான் அங்கே வெள்ளியைக் கட்டினார், நீங்கள் இங்கே ரூபாயைக் கொடுத்தீர்கள். குடும்பத்துக்குள் இதைக் ‘கணக்கை நேர் செய்துகொள்வது’ என்கிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் வெளிநாட்டில் ஒரு சொத்தைப் பெறுவதற்கு ஈடாக இந்தியாவில் பணப் பரிவர்த்தனை செய்வதை அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவின் 3ஆவது பிரிவு பெயர் சொல்லியே தடுக்கிறது. தொகை சிறியது என்பது அபராதத்தைத் தீர்மானிக்கும்போது உதவும். மீறல் இல்லை என்று ஆக்காது.

நேரான வழி அன்றும் இருந்தது, கடினமானதும் அல்ல. 2022 ஆகஸ்டில் வெளியான வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, இந்தியாவில் வசிக்கும் தனிநபர், ஆண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் என்ற வரம்புக்குள், நிதிச் சேவை சாராத, உண்மையில் தொழில் நடத்தும் வெளிநாட்டுக் கம்பெனியில் முதலீடு செய்யலாம். வங்கி மூலம் படிவம் கொடுத்து, தனி அடையாள எண் பெற்று, பிறகு பணம் அனுப்ப வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் செயல்பாட்டு அறிக்கை. உங்களிடம் அந்த எண்ணும் இல்லை, மூன்று ஆண்டு அறிக்கைகளும் இல்லை.

அறிக்கைத் தாமதம் மட்டுமே என்றால் ஓர் அறிக்கைக்கு 7,500 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு முடிந்திருக்கும். முதலீடு நுழைந்த வழியே முறையற்றதாக இருப்பதால், ரிசர்வ் வங்கியிடம் மீறலை ஒப்புக்கொண்டு, அது குறிக்கும் தொகையைக் கட்டி விஷயத்தை முடித்துக்கொள்ளும் இசைவுத் தீர்வைக் கோரும் விண்ணப்பம் தேவைப்படும் என்று நினைக்கிறேன். உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். விண்ணப்பத்தை இத்துறையில் பழகிய ஒருவர் எழுதட்டும். அதிகபட்ச அபராதம் மீறிய தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம் என்பது சட்டம். 10,000 வெள்ளிக்கு அது உங்களை வீழ்த்தும் தொகை அல்ல. இன்னொன்று: உங்கள் கம்பெனி அளவுக்குச் சிங்கப்பூரில் தணிக்கை கட்டாயமில்லை. ஆனால் கம்பெனி முழுவதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதால் செயல்பாட்டு அறிக்கைக்குத் தணிக்கை செய்யப்பட்ட கணக்குதான் வேண்டும். அங்குள்ள கணக்காளர் ‘தணிக்கை தேவையில்லை’ என்று நேர்மையாகவே சொல்லியிருப்பார்; அவர் தன் நாட்டுச் சட்டத்தைச் சொன்னார்.

வருமான வரியில் மூன்று தனித்தனிக் கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, சொத்தை வெளிப்படுத்துவது. பங்குகளையும், நீங்கள் கையெழுத்திடும் அதிகாரம் பெற்ற வங்கிக் கணக்கையும் ஆண்டுதோறும் படிவத்தில் காட்டியிருக்க வேண்டும். வருமானம் வந்ததா, அங்கே வரி கட்டினீர்களா என்பதெல்லாம் இதற்குத் தொடர்பில்லாதவை. காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்கு மிகாவிட்டால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் முதல் தளர்த்தியிருக்கிறார்கள். பங்கின் முகமதிப்பு 10,000 வெள்ளிதானே என்று அந்தத் தளர்வுக்குள் உங்களை நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள். லாபம் சேர்ந்த கம்பெனியின் பங்கு அதன் சொத்து மதிப்பைக் கொண்டு அளக்கப்படும். கார்டுச் செலவை வருமானமாகக் காட்டிப் புதுப்பித்த படிவம் தாக்கல் செய்யும்போது சொத்து அட்டவணையையும் நிரப்புங்கள். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் செய்தால் வரி, வட்டியோடு கூடுதலாக 25 சதவீதம். இது அபராதத்திலிருந்து முழுக் காப்பு என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் நோட்டீஸ் வந்தபின் செய்வதற்கும் வருமுன் செய்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. சிங்கப்பூர்ப் பதிவேட்டில் உங்கள் பெயரைச் சில வெள்ளி செலவில் யாரும் பார்க்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, விலை. கரூர் நிறுவனமும் சிங்கப்பூர்க் கம்பெனியும் இரண்டும் நீங்களே. ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு விற்கும் விலை, அறிமுகமில்லாதவருக்கு விற்கும் விலையை ஒத்திருக்க வேண்டும். இதற்காகப் பட்டயக் கணக்கர் ஆண்டுதோறும் அக்டோபர் 31க்குள் தரவேண்டிய 3சிஇபி அறிக்கைக்குக் குறைந்தபட்ச வரம்பு எதுவும் கிடையாது; தராததற்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம். அதே ஆஸ்திரேலிய வாடிக்கையாளருக்கு நீங்கள் முன்பு நேரடியாக எழுதிய பில்கள்தான் அதிகாரி முதலில் கேட்பவை. நேற்று வரை கரூரில் தங்கிய லாபம் இன்று ஏன் சிங்கப்பூரில் தங்குகிறது, அதற்கு அந்தக் கம்பெனி செய்த வேலை என்ன என்ற கேள்விக்கு, உங்கள் கடிதத்தில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

மூன்றாவது, கம்பெனியே இந்தியாவில் வரி கட்ட வேண்டியதாகுமா என்பது. நிர்வாகம் நடக்கும் இடத்தை வைத்து வெளிநாட்டுக் கம்பெனியை இந்தியக் குடியிருப்பாளராகக் கருதும் விதி, ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாய்க்கு மேற்பட்டால்தான் பொருந்தும் என்று 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. உங்களுடையது ஐந்து கோடியைக்கூட எட்டாது. இதைப் படித்துவிட்டு நிம்மதி அடைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிம்மதி அரைகுறையானது. இரு நாடுகளுக்கிடையே 1994இல் ஏற்பட்ட வரி ஒப்பந்தம், நிர்வாகம் நடைபெறும் இடத்தை நிலையான தொழிலிடமாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கரூர் அலுவலகம் அப்படிப்பட்ட இடம் என்று கருதப்பட்டால், அங்கே ஈட்டியதாகக் கொள்ளப்படும் லாபத்துக்கு இந்தியாவில் வரி; வெளிநாட்டுக் கம்பெனிக்கான விகிதம் 2023-24இல் 40 சதவீதம், அடுத்த ஆண்டு முதல் 35. கூடுதல் வரிகள் தனி. அந்த வியாபாரத்தைக் கரூர் நிறுவனத்திலேயே வைத்திருந்தால் உங்கள் அடிப்படை விகிதம் 30ஐத் தாண்டியிருக்காது.

மூடுவதா, நடத்துவதா?

கவனிக்காமல் விட்டுவிடுவது என்ற வழி உங்களுக்கு இல்லை. நிலுவை வரியும் சேம நிதிப் பாக்கியும் உள்ள கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் விண்ணப்பம் ஏற்கப்படாது. ஆணையமே நீக்கினாலும் இயக்குநரின் பழைய மீறல்கள் கூடவே நீங்கிவிடுவதில்லை. கம்பெனியின் வங்கிக் கணக்கில் மிஞ்சிய பணமும் உங்களிடம் வராது. ஆக, மூடினாலும் நடத்தினாலும் கணக்கை முடிக்கும் வேலை ஒன்றேதான்.

என் கருத்தைக் கேட்டால், கம்பெனியைச் சிங்கப்பூர் ஹோட்டல் விற்பனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர்கள் உள்ளூர் பில்லை விரும்புகிறார்கள், சரக்கைக் கையில் இருப்பு வைக்க வேண்டியிருக்கிறது, ஓர் ஊழியர் இருக்கிறார். கம்பெனிக்கு உண்மையான வேலை உண்டு. ஆஸ்திரேலிய ஆர்டர்களை அடுத்த பில்லிலிருந்தே கரூர் நிறுவனத்துக்குத் திருப்புங்கள். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறையில் உள்ள வணிக ஒப்பந்தத்தால் அங்கே நம் துணிகளுக்குச் சுங்க வரியும் பிரச்சினை இல்லை. நடுவில் ஒரு கம்பெனி நின்று சம்பாதித்துக் கொடுப்பதைவிட, இந்த இரண்டு ஆண்டுகளில் சிக்கலைத்தான் அதிகம் சேர்த்திருக்கிறது. ஹோட்டல் விற்பனையின் லாபம், செயலர் கட்டணம், தணிக்கைச் செலவு, சேம நிதி எல்லாவற்றையும் கழித்தபின் ஆண்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று எழுதிப் பாருங்கள். பத்தாயிரம் வெள்ளிகூட மிஞ்சாது என்றால், அங்குள்ள ஒரு மொத்த வியாபாரிக்கு விற்றுவிட்டு, எல்லாம் தீர்ந்தபின் முறைப்படி மூடுவதே மேல். அந்தக் கணக்கை உங்களால்தான் போட முடியும்.

வேலையின் வரிசை முக்கியம். ஐராஸ் தொகையை உடனே கட்டுங்கள். இரண்டு ஆண்டுக் கணக்கையும் வங்கி அறிக்கை, பில், கப்பல் ஆவணம் கொண்டு முடித்துத் தணிக்கைக்குக் கொடுங்கள். சிங்கப்பூர்த் தாக்கல்களும் சேம நிதியும் அதன் பிறகு. அந்தக் கணக்கு கையில் வந்தபின் ரிசர்வ் வங்கி விண்ணப்பமும் இந்திய வரிப் படிவங்களும். முன்பின்னாகச் செய்தால், ஓரிடத்தில் கொடுத்த எண் மற்றோரிடத்தில் கொடுத்த எண்ணோடு முரண்படும். அதை விளக்குவது மூல மீறலை விளக்குவதைவிடக் கடினம். சிங்கப்பூரில் ஒரு கணக்காளர், இங்கே ஃபெமா பழகிய ஓர் ஆடிட்டர் என இருவரை அமர்த்தி, இருவரையும் ஒரே மின்னஞ்சல் தொடரில் வைத்திருங்கள்.

கடைசியாக, பழைய தேதியிட்டுப் பங்குகளை மச்சான் பெயருக்கு மாற்றுவது. வேண்டாம். பங்கு மாற்றம் அக்ராவின் மின்பதிவேட்டில் ஏறும் நாளில்தான் செல்லுபடியாகும். தாளில் என்ன தேதி எழுதினாலும் பதிவேடு அந்த நாளைக் காட்டும். இதுவரை தாமதமாக இருந்தது, அந்தத் தாளில் கையெழுத்திட்ட நொடியில் பொய் ஆவணமாக மாறும். மச்சானும் அதில் பங்காளியாவார். இன்றைய தேதியிட்டு மாற்றுவதும் இப்போதைக்கு முடியாது. வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பங்கை விற்பது முதலீட்டைத் திரும்பப் பெறுவதாகும்; நியாயமான விலையில் விற்று, பணம் வந்த 30 நாட்களுக்குள் வங்கி மூலம் தெரிவிக்க வேண்டும். முந்தைய தாமதங்களை முறைப்படுத்தாமல் அந்த மாற்றத்துக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் கொடுப்பதில்லை.